நாசா கிரகண வரைபடம்: 2031 கங்கணத்துக்கு இடம் தேட உதவுமா?

2031 மே 21, புதன்கிழமை. அங்கோலா, சாம்பியா, தான்சானியா எனக் கடந்து அரபிக்கடல் வழியாக வரும் கங்கண சூரிய கிரகணம் (நிலா சூரியனின் நடுவை மறைக்க, ஓரம் மட்டும் வளையமாகத் தெரிவது) கொச்சி, ஆலப்புழை, தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் பக்கம் நுழைந்து யாழ்ப்பாணத்தையும் தொட்டு, மலேசியா, இந்தோனேசியா நோக்கிப் போகிறது. சென்னையில் இருப்பவர்களுக்குப் பகுதி கிரகணம்தான். வளையம் வேண்டுமென்றால் தெற்கே இறங்க வேண்டும். எங்கே நிற்பது என்று முடிவு செய்யப் பெரும்பாலோர் முதலில் போவது நாசாவின் கிரகணத் தளத்துக்கு. நாசா வானியலாளர் ஃப்ரெட் எஸ்பெனாக் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டியது. இலவசம், விளம்பரமில்லை, உள்நுழையும் தொல்லையும் இல்லை. தோற்றம் மட்டும் இருபது வருடப் பழசு.

அங்கே நமக்கு வேண்டியவை இரண்டு: கூகுள் வரைபடத்தின் மேல் கிரகணப் பாதை வரைந்த பக்கம், பாதை அட்டவணை. வரைபடத்தில் சிவப்பு மையக்கோடு, நீலம் வடக்கு தெற்கு எல்லைகள். உங்கள் தெருவரை பெரிதாக்கிச் சொடுக்கினால் ஒரு பெட்டி திறக்கும். பகுதி கிரகணம் தொடங்குவது, வளையம் தொடங்குவது, உச்சம், வளையம் முடிவது, எல்லாம் விலகுவது என்று ஒவ்வொன்றுக்கும் நேரமும், சூரியனின் உயரக்கோணமும் திசைக்கோணமும் இருக்கும். கைபேசியில் இந்தப் பெட்டி வரைபடத்தையே மூடிவிடும். கணினியில் பாருங்கள்.

பெட்டியில் உள்ள நேரம் உலக நேரம். 5 மணி 30 நிமிடம் கூட்டினால் இந்திய நேரம். இலங்கைக்கும் அதே கணக்குதான். இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் அதே தளத்தின் பத்தாண்டுக் கிரகணப் பட்டியலில் இருக்கிறது. அதில் 2031 கிரகணத்தின் உச்சத்துக்கு நேராக 07:16:04 என்று போட்டிருக்கும். பலரும் அதோடு ஐந்தரை மணி கூட்டி 12:46:04 என்று பரப்புகிறார்கள். அந்த நெடுவரிசையின் தலைப்பில் இருப்பது டி.டி. என்னும் இயக்கவியல் நேரம். அது கடிகார நேரத்தைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் முந்தி ஓடுவது. ஆக உண்மையான உச்சம் 12:45க்கு ஒட்டி, அதுவும் அரபிக்கடலின் நடுவில். மதுரைக்கு நிழல் வந்து சேர மணி ஒன்றை நெருங்கும், கொஞ்சம் தாண்டவும் செய்யலாம். பட்டியலைப் பார்த்து நேரம் குறிக்காதீர்கள். உங்கள் ஊரைச் சொடுக்கி வரும் பெட்டியை மட்டும் நம்புங்கள்.

பாதை அட்டவணையில் வேறொரு குழி. அட்சரேகை 09 53.7 என்று அச்சாகியிருந்தால் அது 9 பாகை (டிகிரி) 53.7 கலை (பாகையின் 60இல் ஒரு பங்கு). கூகுளில் 9.537 என்று தட்டினால் தவறு, 53.7ஐ 60ஆல் வகுத்து 9.895 என்று தர வேண்டும். இந்த ஒரு பிழையில் நீங்கள் 40 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். பாதையின் அகலமே 150 கிலோமீட்டர் சொச்சம்தான் என்பதால் அந்த 40 சின்ன விஷயம் இல்லை.

அதேசமயம், மையக்கோட்டின் மேலேயே நிற்க வேண்டும் என்று அடம்பிடிக்கவும் தேவையில்லை. மையத்தில் வளையம் 5 நிமிடம் 20 வினாடி என்று வைத்துக்கொள்வோம். எல்லைக்குப் பாதி தூரம், அதாவது 38 கிலோமீட்டர் விலகினாலும் நாலரை நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். 68 கிலோமீட்டர் விலகினால்தான் இரண்டேகால் நிமிடமாகச் சுருங்கும், வளையமும் ஒருபக்கம் தடித்து ஒருபக்கம் நூலாகத் தெரியும். நடுப்பகுதியில் நேரம் மெதுவாகக் குறைந்து, ஓரத்தில் சடாரென்று விழும். பெட்டியில் உள்ள கால அளவை நாலைந்து இடங்களில் சொடுக்கிப் பார்த்தாலே இது புரிந்துவிடும்.

கிரகண அளவு 0.959 என்பதைப் பார்த்து 96 சதவீதம் மறைகிறது என்று எழுதுகிறார்கள். அது நிலா, சூரியன் விட்டங்களின் விகிதம். பரப்பு வேண்டுமானால் அதை அதனாலேயே பெருக்குங்கள்: 92 சதவீதம். மீதி 8 சதவீதச் சூரியன் மதுரை வெயிலில் கண்ணைப் பொசுக்கப் போதும். வளையம் முழுமையாக இருக்கும் அந்த ஐந்து நிமிடமும் ஐ.எஸ்.ஓ. 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. இந்த எச்சரிக்கையைத் தளம் சொடுக்கும் பெட்டியிலேயே போட்டிருக்கலாம்.

உயரக்கோணத்தையும் கவனியுங்கள். மதுரையில் அந்நேரம் சூரியன் 70 பாகைக்கு மேலே, வடமேற்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். மே மாதத்தில் நம் உச்சிவெயில் வடக்கிலிருந்துதான் வருகிறது. பக்கத்து மாடி மறைக்கும் என்ற கவலை இல்லை. கேமரா முக்காலியின் தலை அவ்வளவு நிமிருமா என்பதுதான் கவலை; பல மலிவு முக்காலிகளில் கைப்பிடி காலில் இடிக்கும். நேரே பார்க்க முடியாதவர்களுக்கு ஒரு லாபம் உண்டு: வேப்பமர இலை இடுக்கு வழியே தரையில் விழும் வளையங்கள் கிட்டத்தட்ட வட்டமாகவே விழும். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தின்போது காலை ஒன்பதரை மணிக்கு அவை நீள்வட்டமாக இழுபட்டதற்குக் காரணம் சூரியன் தாழ்ந்திருந்தது.

நாசா வரைபடத்தின் துல்லியத்தில் ஒரு குறை. பூமியின் சுழற்சி மெதுவாவதற்காகச் சேர்க்கும் திருத்தம், எஸ்பெனாக் பயன்படுத்திய சூத்திரப்படி 2031க்கு 78 வினாடி. 2025இல் அளந்த மதிப்பு 69தான். பூமி எதிர்பார்த்த அளவு மெதுவாகவில்லை. இந்தத் திருத்தம் ஒரு வினாடி பிசகினால் பாதை கிழக்கு மேற்காக அரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். பாதை இங்கே ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதால் எல்லைக்கோடு பெரிதாக மாறாது, நேரத்தில்தான் சில வினாடிகள் பிசகும். பார்வையாளருக்கு இது ஒன்றுமில்லை. வளையம் கூடும் நொடியைப் படமெடுப்பவர்கள் பிரெஞ்சுக்காரர் சேவியே ஜூபியேவின் வரைபடத்துக்குப் போகலாம். சந்திர விளிம்பின் மேடு பள்ளத்தையும் சேர்த்துத் திருத்திய நேரம் அதில் கிடைக்கும். இடைமுகம் இதைவிட நெரிசல், சுருக்கெழுத்து அதிகம். உள்ளூர் நேரம் மட்டும் போதும் என்பவர்களுக்கு டைம் அண்ட் டேட் தளம் எளிது.

மேகத்தைப் பற்றி நாசா வரைபடம் வாய் திறக்காது. மே 21 அக்னி நட்சத்திரக் காலம். கேரளத்தில் பருவமழை தொடங்குவது வழக்கமாக ஜூன் 1ஐ ஒட்டி. அதற்கு முந்தைய இடிமழை மேகம் மலையோரத்தில் மதியத்துக்கு மேல் திரளும். அதனால் கொச்சியையும் கம்பம் பள்ளத்தாக்கையும்விட காரைக்குடி முதல் வேதாரண்யம் வரையிலான சமவெளிக்கே எங்கள் ஓட்டு. தங்குமிடம் பதிவு செய்யும்போது மேற்கிலோ கிழக்கிலோ இரண்டு மணி நேரத்தில் வண்டியில் போய்ச்சேரக்கூடிய மாற்று இடம் ஒன்றையும் சொடுக்கி நேரம் குறித்து வையுங்கள். ஊர் மாறினால் வளையம் தொடங்கும் நேரமும் மாறும்.