பிள்ளையைப் பின்னால் இழுக்க எது தோது: டிரெய்லரா, அரைச் சைக்கிளா, இழுவைக் கம்பியா?

திருநெல்வேலிச் சீமையில் பிள்ளையைச் சைக்கிளில் கூட்டிப்போக நமக்குத் தெரிந்த ஒரே வழி கேரியர். துண்டை மடித்துப் போட்டு, “இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்” என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறோம். கீழே விழுவதைவிடப் பயப்பட வேண்டியது கால் ஆரக்கம்பிக்குள் மாட்டுவது. சேலை சிக்காமலிருக்க வைக்கும் கம்பி வலையும் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கிறது. கேரியரில் கட்டும் பெல்ட் இருக்கை, கால்மிதி இருந்தால், சிறு குழந்தைக்குப் பரவாயில்லை. நாலைந்து வயதாகிக் கனம் கூடிய பிள்ளையை அந்த உயரத்தில் வைத்து ஓட்டினால் கைப்பிடி ஆடத் தொடங்கும். பின்னால் இழுக்கும் கருவிகளின் பேச்சு அங்கேதான் எழுகிறது.

முதலில் டிரெய்லர். இரண்டு சக்கரம், துணிக்கூரை, உள்ளே பெல்ட் வைத்த இருக்கை. வெறும் வண்டியே 10 முதல் 15 கிலோ இருக்கும். இரண்டு பிள்ளைகள் உட்காரும் வகை சுமார் 45 கிலோ வரை தாங்கும். அமெரிக்காவின் பர்லி, சுவீடனின் தூலே ஆகியவை இதில் பெயர் பெற்றவை. இணைப்பு மூட்டு வளைந்து கொடுப்பதால், ஓட்டுபவர் சைக்கிளோடு சாய்ந்தாலும் டிரெய்லர் பெரும்பாலும் நிமிர்ந்தே நிற்கும். பெடல் மிதிக்கத் தெரியாத வயதுக்கு வேறு எந்தக் கருவியும் இதற்கு ஈடாகாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மட்டும் இதிலும் ஏற்றக்கூடாது; தலையையும் ஹெல்மெட்டையும் சேர்த்துத் தாங்கக் கழுத்துக்கு வலு போதாது.

ஆனால் வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷன் வரை இதை இழுத்துப் போகச் சொன்னால் நான் மாட்டேன். அகலம் முக்கால் மீட்டருக்கு மேல். நாம் பள்ளத்தை விலக்கி ஓட்டினாலும் டிரெய்லரின் ஒரு சக்கரம் தவறாமல் அதில் இறங்கும். உயரமோ பஸ் டிரைவரின் பார்வைக்குக் கீழே. ஆரஞ்சுக் கொடியை நெட்டுக் கம்பியில் கட்டித்தான் ஆக வேண்டும். இடப்பக்கம் ஓட்டும் நம் ஊரில் அது வலப்பக்கம் இருப்பது நல்லது. பிள்ளையின் மூக்கு இருக்கும் மட்டத்தில்தான் வண்டிகளின் புகையும் தெருப் புழுதியும் வரும்.

அதற்கு மேல் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுக்கும். பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் போகிறவனுக்கு எதிரே நின்று மல்லுக்கட்டும். ஆனி, ஆடியில் கூரை மூடிய டிரெய்லரை மேற்கு நோக்கி இழுப்பவர் பாய்மரத்தை விரித்துக்கொண்டு எதிர்காற்றில் போகிறார். சித்திரையில் வேறு பாடு: மழைக்கான பிளாஸ்டிக் திரையை மூடினால் உள்ளே பிள்ளை வெந்துவிடும், கொசுவலைத் திரை மட்டும் போதும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயல்களுக்கு நடுவே போகும் ஊர்ச்சாலைகளில், காற்றில்லாத காலையில், டிரெய்லர் அருமையான வண்டி.

அரைச் சைக்கிள் என்பது முன்சக்கரம் இல்லாத சிறு சைக்கிள். கைப்பிடி, பெடல், ஒற்றைச் சக்கரம். நாலைந்து வயதிலிருந்து ஒன்பது வரை ஏற்கும். பிள்ளை மிதித்தால் நமக்கு உதவி, மிதிக்காவிட்டால் நம் பாடு. பெரும்பாலானவை சீட்டுக் கம்பியில் பூட்டுபவை. பூட்டு உயரத்தில் இருப்பதால் பிள்ளை அசையும் ஒவ்வோர் அசைவும் நம் இடுப்புக்கு வந்து சேரும். நம் கறுப்புச் சைக்கிளின் சீட்டுக் கம்பி மெலிந்தது என்பதால் தகடு சுற்றி இறுக்க வேண்டியிருக்கும். அந்த இறுக்கத்தை நான் நம்ப மாட்டேன். பர்லியின் பிக்கலோ தனக்கென்றே செய்த கேரியரின் மேல் பூட்டுவதால் ஆட்டம் குறைவு.

இழுவைக் கம்பி பிள்ளையின் சொந்தச் சைக்கிளையே பின்னால் மாட்டிக்கொள்ளும். டிரெயில்கேட்டர் என்ற வகை சீட்டுக் கம்பியிலிருந்து இழுத்து முன்சக்கரத்தைத் தூக்கி வைக்கும். பழகப் பழக மூட்டுகள் தளர்ந்து, பிள்ளையின் சைக்கிள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்குவது இதன் தீராத நோய். சுவிட்சர்லாந்தின் ஃபாலோமி பின்சக்கர அச்சிலேயே பூட்டுவது. பிடி தாழ்வாக இருப்பதால் உறுதி. 12 முதல் 20 அங்குலச் சக்கரம் வரை ஏற்கும்.

என் ஓட்டு இந்த அச்சுப் பூட்டு வகைக்கே. டிரெய்லரின் அகலம் கிடையாது. ஒரே தடத்தில் வரும். வ.உ.சி. மைதானம் வந்ததும் கழற்றிவிட்டால் பிள்ளை தன் சைக்கிளில் தானே சுற்றலாம், வீடு திரும்பும்போது கால் ஓய்ந்திருந்தால் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். விலை அதிகம், இறக்குமதிச் சரக்கு. எனவே பழையது கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்குமுன் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் அச்சைக் காட்டுங்கள். ஸ்டாண்டு, மட்கார்டு கம்பி, கேரியர் கால் எல்லாம் ஏற்கெனவே அதே அச்சில் அடுக்கியிருக்கும். பூட்டுத் தகட்டையும் போட்டால் நட்டு பிடிக்க மரை மிஞ்சாது. நீளமான அச்சு போட வேண்டியிருக்கும். பிரேக்கும் அப்படித்தான். கம்பி பிரேக்கும் இரும்பு ரிம்மும் மழையில் தனி ஆளையே தாமதமாகத்தான் நிறுத்தும். பின்னால் முப்பது கிலோ தள்ளும்போது ஈரடுக்கு மேம்பாலத்தின் இறக்கத்தில் அவற்றை நம்பக்கூடாது.

ரப்பர் கயிறு கட்டி இழுப்பது மலைத்தடத்தில் ஏற்றத்துக்கானது. இறக்கத்தில் கயிறு தளர்ந்து சக்கரத்தில் சுற்றும். நம் சாலைக்கு வேண்டவே வேண்டாம்.

டிரெய்லருக்கு ஒரு வரவு மட்டும் பாக்கி: பிள்ளை வளர்ந்த பிறகு இருக்கையைக் கழற்றிவிட்டால் 26 கிலோ அரிசி மூட்டை தாராளமாக உட்காரும். மற்ற இரண்டையும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும்.