நல்ல ஸ்லீப்பிங் பாக், பொல்லாத ஜிப்

கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் பாடசாலைப் பைகள் தைக்கும் ஒருவரிடம் என் ஸ்லீப்பிங் பாக்கைக் கொடுத்து, ஜிப்பின் ரன்னரைக் கடந்த வாரம் மாற்றி எடுத்துக்கொண்டேன். அதே வாரத்தில் நண்பர் ஒருவர், அந்த மொடல் இப்போது விலை குறைந்திருப்பதாகவும், தை மாதம் ஹோட்டன் சமவெளியில் இரவு தங்கப் போவதாகவும், அதை வாங்கலாமா என்றும் கேட்டார். தொலைபேசியில் அவருக்குச் சொன்ன அரைகுறைப் பதிலை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

குறை சொல்வதற்கு முன் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். வாத்துத் தூவி நிரப்பிய, தலையையும் மூடிக்கொண்டு காலடியில் ஒடுங்கும் வகை அது. ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றர் உயரம் அளவில் இருக்கிறது. தை, மாசியில் விடியற்புறம் புல்லில் உறைபனி படியும் இரவுகள் அங்கே உண்டு. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி பெற்றுக் கூடாரம் அடித்திருந்த அத்தகைய இரவொன்றில், கூடாரத் துணியின் உட்புறம் ஈரம் வழிந்துகொண்டிருக்க, நான் நீளக்கைச் சட்டையும் காலுறையுமாக நடுங்காமலும் வியர்க்காமலும் உறங்கினேன். அந்த வகையில் அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 0 பாகையை நம்பலாமா என்பது நண்பரின் அடுத்த கேள்வி. நம்பலாம், ஆனால் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று தெரிந்து நம்பவேண்டும். ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிர்ணயத்தின்படி, சூடேற்றிய ஆளுயரப் பொம்மைக்கு உள்ளுடை அணிவித்து, கீழே மெத்தை விரித்து, பைக்குள் கிடத்தி அளந்து மூன்று எண்களைத் தருகிறார்கள். முதலாவது, 60 கிலோ எடையும் 1.60 மீற்றர் உயரமும் உள்ள பெண் சுகமாக உறங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, 73 கிலோ எடையும் 1.73 மீற்றர் உயரமும் உள்ள ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு உறங்கக்கூடிய கீழ் எல்லை. மூன்றாவது உயிர் பிழைப்பதைப் பற்றியது, உறக்கத்தைப் பற்றியதல்ல. என் பையில் முதல் எண் 5. பெரிதாகப் போட்டிருக்கும் 0 இரண்டாவது எண். மார்கழியில் 22 பாகைக்கே துவாயைத் தலையில் சுற்றிக்கொள்ளும் வன்னி ஆட்கள் நாங்கள் முதல் எண்ணுக்குக் கீழே பார்க்கத் தேவையில்லை. கீழே விரிப்பதும் முக்கியம்: உடற்பாரத்தில் நசிந்த தூவி குளிரைத் தடுக்காது, புற்பாயும் அதற்குப் போதாது.

இனி ஜிப். அதன் உட்புறமாக, தூவி அடைத்த நீண்ட மடிப்பு ஒன்று இருக்கிறது. அது வேண்டியதுதான், இல்லாவிட்டால் பற்களின் இடைவெளியால் குளிர் நேரே இறங்கும். ஆனால் அந்த மடிப்பின் துணி மிக மெல்லிய நைலோன். ரன்னரை மேலே இழுக்கும்போது, சாரைப்பாம்பு தவளையைக் கவ்வுவதுபோல் அந்தத் துணியின் ஓரத்தைக் கவ்விக்கொள்கிறது. இழுக்க இழுக்க உள்ளே போகிறதே தவிர விடுவதில்லை. பகலில் வீட்டு விறாந்தையில் இரு கைகளாலும் ஆறுதலாக இழுத்தால் ஒழுங்காகத்தான் ஓடும். நள்ளிரவில் ஒன்றுக்குப் போய்வந்து, விறைத்த விரல்களோடு உள்ளே படுத்தபடி, இருட்டில் ஒரு கையால் இழுக்கும்போதுதான் அதன் குணம் தெரியும். ரன்னரைக் கீழ்நோக்கி இழுத்தபடியே துணியைப் பக்கவாட்டில் மெல்ல உருவவேண்டும். அவசரப்பட்டால் துணி கிழிந்து தூவி பறக்கும். அதற்குள் உள்ளே சேர்ந்திருந்த சூடும் உறக்கமும் சேர்ந்தே போய்விடும். வெப்பத்தை இத்தனை நுணுக்கமாகக் கணக்கிட்ட நிறுவனம், ஜிப்பின் ஓரத்தில் விரலகல நாடா ஒன்றைத் தைப்பதில் ஏன் கஞ்சத்தனம் பிடித்தது என்று எனக்கு விளங்கவில்லை. எடை கூடிவிடும் என்பார்கள். கூடட்டும்.

பை தைப்பவர் பழைய ரன்னரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்: வாயின் ஒரு பக்கம் தேய்ந்து அகன்றிருந்ததால், அது கடந்துபோன பிறகும் பற்கள் கோக்காமல் பிளந்து நின்றன. குறட்டால் நசித்தால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு பழையபடிதான் என்று சொல்லிப் புதியதைப் போட்டார். அத்தோடு நில்லாமல், புத்தகப்பை விளிம்புக்கு வைக்கும் கறுப்பு நாடாவில் ஒரு துண்டை அந்த மடிப்பின் ஓரமாகத் தைக்க எடுத்தார். ஊசித் துளைகளாலேயே தூவி கசியுமே என்று நான் பதறியபோது, பழைய தையல் ஓடிய கோட்டை விட்டு விலகமாட்டேன் என்றார், விலகவும் இல்லை. அவர் வாங்கிய கூலிக்கு ஒரு கொத்துரொட்டிகூட வராது. இப்போது கழுத்தருகே உள்ள வளைவில் மட்டும் கவ்வுகிறது.

வன்னியில் இதை வைத்திருப்பதிலும் ஒரு சிரமம் உண்டு. அந்தப் பழியைப் பையின் தலையில் போட முடியாது. ஈரம் தூவிக்கு ஆகாது, இங்கோ மாரி முழுக்க அலுமாரிக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். சிறிய உறைக்குள் அமுக்கி வைக்காமல் தளர்வாகத் தொங்கவிட்டு, மழை விட்ட பிறகு நிழலில் காயவிடுகிறேன். நேர்வெயில் நைலோனைத் தின்றுவிடும். நக்கிள்ஸ் மலைப் பக்கம் போகிறவர்களுக்குக் குளிரைவிட மழைதான் கவலை என்பதால், பொலியெஸ்டர் இழை நிரப்பியதே பொருத்தம்: பாரம் கூடினாலும், நனைந்த பிறகு தூவியைப்போல் முற்றாகப் படுத்துவிடாது.

நண்பருக்கு என் பதில், விலை பாதியானாலும் வாங்கவேண்டாம் என்பதுதான். முதல் எண் 5 அளவில் உள்ள வேறு எதையாவது பார்க்கட்டும்; முடிந்தால் கடையிலேயே உள்ளே படுத்து, கண்ணை மூடி, ஒரு கையால் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பார்க்கட்டும். அப்படியானால் உங்களுடையதை எனக்கே விற்றுவிடுங்களேன் என்றார். விற்கமாட்டேன். இரவல் தருவதாகவும் இல்லை; தன் மழை அங்கியின் ஜிப்பை அவர் இழுக்கும் விதத்தை நான் பார்த்திருக்கிறேன்.