அம்மிக் கல்லின் பூர்வீகம்: கற்சீவல் ஆய்வுச் சேவை ஒன்றைப் பற்றி

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். ஆகவே இங்குள்ள கோயில் தூணோ அம்மியோ திருகையோ, எதுவாயினும் வேறெங்கிருந்தோ கொண்டுவரப்பட்டதே. கல்லைச் சீவி ஆராய்ந்து அதன் பூர்வீகத்தைச் சொல்லும் தனியார் ஆய்வுகூடம் ஒன்றின் சேவையை அண்மையில் பெற்றேன். தொல்பொருளை அனுமதியின்றி உடைக்கக் கூடாது என்பதால், உடைந்துபோன எங்கள் வீட்டு அம்மியின் மூலைத் துண்டொன்றை அனுப்பினேன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து தோணியில் வந்த கல் அது என்று அம்மம்மா சொல்வார்.

வேலை மிக நேர்த்தியானது. துண்டைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும்படி 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சீராகத் தேய்த்திருந்தார்கள். முனைவாக்கிய ஒளியில் (ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளி) எடுத்த படங்களில் பயோடைட் என்னும் கருமைக்கா கனிமம் கபிலக் கீற்றுகளாக வரிசைப்பட்டிருந்தது. மைக்ரோகிளைன் என்னும் பெல்ட்ஸ்பார் கனிம மணிகளோ மருதமுனைச் சாரத்தின் கட்டங்களைப் போலச் சாம்பலும் வெள்ளையுமாகக் குறுக்கும் நெடுக்கும் கோடிட்டிருந்தன. அம்மம்மா மிளகாய் அரைத்த கல்லுக்குள் இப்படியொரு நெசவு இருந்ததைக் கண்டு நெடுநேரம் அந்தப் படங்களை விட்டு எழ மனம் வரவில்லை.

குறை அறிக்கையில்தான். இது நைஸ் என்னும் வரிப்பட்ட உருமாறிய பாறை என்றும், கிழக்கிலங்கையின் அடித்தளமான விஜயன் பாறைத் தொகுதியோடு ஒத்துப்போகிறது என்றும் எழுதியது சரி. ஆனால் அடுத்த வரியிலேயே ஒரு மலையின் பெயரைச் சொல்லி, அங்கு வெட்டிய கல் என்று முடித்துவிட்டார்கள். அதே தொகுதி அம்பாறையிலும் பரந்து கிடக்கையில், கனிமங்களை மட்டும் பார்த்து ஒரு குன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்க இயலாது. குன்றுதோறும் மாதிரி எடுத்து, மிகச் சிறிய அளவில் கலந்துள்ள நுண்ணளவு மூலகங்களையும் ஒப்பிட்டிருக்க வேண்டும். இங்கிலாந்திலுள்ள பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் பலிபீடக் கல் வேல்சிலிருந்து வந்ததென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அதிலுள்ள சிர்க்கோன், அபடைட், ரூட்டைல் என்னும் கனிம மணிகளின் வயதை அளந்த பின்னரே, அது வடகிழக்கு ஸ்கொட்லாந்தின் ஓர்க்கேடியன் என்னும் படிவுப்பாறைப் படுகைக்குரியது என்று 2024இல் தெரியவந்தது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, அந்தப் படுகைக்குள் அடங்கும் ஓர்க்னித் தீவுகளை விலக்கியது. பூர்வீகம் இப்படி ஒவ்வொன்றாய்க் கழித்துத்தான் நெருங்கப்படுகிறது.

மிஞ்சிய துண்டை இருமுறை கேட்டும் திருப்பித் தரவில்லை. எறிந்துவிட்டதாகப் பதில் வந்தது. அம்மிக்கு இது பொறுக்கலாம், தொல்பொருளுக்குப் பொறுக்க முடியாது. மாணவருக்குப் பாறையைக் காட்ட விரும்பும் ஆசிரியர்கள் இச்சேவையைத் தாராளமாக நாடலாம். அகழ்வில் கிடைத்த பொருளானால், உரிய அனுமதியோடு, முதலில் எக்ஸ் கதிர் பாய்ச்சி மூலகங்களை அறியும், சேதமில்லாத எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் சோதிப்பதே நல்லது. சீவத்தான் வேண்டுமென்றால் மீதித் துண்டு திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மலையின் பெயர் சொல்லும் அந்த வரியை நீக்கித் தருமாறு நான் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.