அம்பாசடர் டேப்பட் சத்தம்: புது ராக்கர் செட்டா, பழசுக்கே புஷ் போடுவதா?

மன்னார்குடியில் எங்கள் வீட்டில் நிற்பது அப்பா வாங்கிய மார்க் 4 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். போன வருடம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டிருந்தது. அங்கே கேட் போட்டால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினை அணைக்காமல் நின்றபோதுதான் கேட்டது: பானெட்டுக்குள் தறி ஓடுவது போல டக், டக், டக். அப்புறம் ஒரு மாதம் கேட்டவர்களெல்லாம் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். டேப்பட் வை (அதாவது வால்வு இடைவெளியைச் சரி செய்), கெட்டி ஆயில் ஊற்று, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் செட்டைப் புதிதாகப் போடு, லேத்தில் கொடுத்துப் பழசுக்கே புஷ் (துளைக்குள் அடிக்கும் உலோக வளையம்) போட்டுச் சரி செய். இதில் மூன்றை என் வண்டியில் செய்து பார்த்துவிட்டேன். புது செட் மட்டும் சித்தப்பா வண்டியில் பார்த்தது.

எதைச் செய்வதானாலும் முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க வேண்டும். டேப்பட் கவரைக் கழற்றி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜ் தகட்டைச் செருகுங்கள். எந்த இடத்தில் செருகும்போது சத்தம் அடங்குகிறதோ, குற்றவாளி அந்த ராக்கர்தான். எட்டில் எதுவும் அடங்கவில்லை என்றால் கோளாறு கீழே இருக்கிறது.

டேப்பட் வைப்பது மலிவு, அரை மணி நேர வேலை. இந்த இன்ஜினுக்கு இடைவெளி 0.015 அங்குலம், பட்டறையில் 15 தௌ என்பார்கள் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ), மில்லிமீட்டரில் 0.38. ஒன்பது கணக்கு தெரிந்தால் போதும்: எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வையுங்கள், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. இரண்டும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. சத்தத்துக்குப் பயந்து இடைவெளியை இறுக்கிவிடாதீர்கள். இறுக்கமான எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் சரியாக உட்காமல் சத்தமே இல்லாமல் கருகிப்போகும்.

என் வண்டியில் இது 200 கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. காரணம், ராக்கர் முனையில் வால்வு தட்டித் தட்டி ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது. தட்டையான கேஜ் குழியின் இரு கரைமேலும் பாலம் போல உட்கார்ந்துகொள்ளும். கேஜ் 15 காட்டும், நிஜ இடைவெளி அதைவிடக் கூடுதலாக இருக்கும். குழி விழுந்த ராக்கரில் டேப்பட் வைப்பது வீண் உழைப்பு.

கெட்டி ஆயில் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் கொஞ்சம் மழுங்கும், தேய்மானம் அப்படியே இருக்கும்.

நிஜமான போட்டி புது செட்டுக்கும் லேத் வேலைக்கும்தான். 2014-இல் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது. இப்போது சந்தையில் கிடைக்கும் ராக்கர்களில் பழைய இருப்பும் உண்டு, பெயர் தெரியாத வார்ப்பும் உண்டு. சித்தப்பா போட்டது இரண்டாவது ரகம். முதல் நாள் வண்டி அவ்வளவு அமைதியாக இருந்தது, எனக்குப் பொறாமையே வந்தது. எட்டு மாதத்தில் இரண்டு முனைகளில் குழி. முனையின் மேல்தோல் கடினமாக்கப்பட்டிருக்க வேண்டும், அதில் அது இல்லை. நல்ல பழைய இருப்பு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் பழைய ராக்கரின் இரும்பே உசத்தி.

டெல்டாவில் லேத் பட்டறைக்குக் குறைவில்லை. டிராக்டர், ஆயில் இன்ஜின், ரைஸ் மில் என்று புஷ் கடைந்தே பழகிய கைகள். நான் கொடுத்த பட்டறைப் பெரியவர் ராக்கர்களைத் தாங்கும் ஷாஃப்ட்டை என் கையில் தந்து, “மேல பாக்காதீங்க தம்பி, அடியில தடவிப் பாருங்க” என்றார். நகத்தில் படி தட்டியது. வால்வு ஸ்பிரிங்கும் கீழிருந்து தூக்கும் கம்பியான புஷ் ராடும் ராக்கரின் இரு முனைகளையும் மேலே தள்ளுவதால், தேய்மானம் முழுக்க ஷாஃப்ட்டின் அடிப்பக்கத்தில்தான் விழும். மேலே கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதனால் ஷாஃப்ட்டை மட்டும் புதிதாக வாங்கி, எட்டு ராக்கருக்கும் வெண்கலப் புஷ் அடித்து, ரீமரால் துளையைச் சீராக்கி ஷாஃப்ட்டுக்குப் பொருத்தினார். புஷ்ஷின் ஆயில் ஓட்டையும் ராக்கரின் ஓட்டையும் நேராக இருக்கிறதா என்று வாங்கும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முனைகளைச் சாணையில் மிகக் கொஞ்சமாகத்தான் தேய்க்கலாம். குழி ஆழமென்றால் அந்த ராக்கரை ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கடினத் தோல் போய்விடும். எனக்கு ஆன செலவு சித்தப்பா கொடுத்ததில் பாதிகூட இல்லை. ஒரு வருடமாக அதே 15 தௌ நிற்கிறது. என் ஓட்டு லேத்துக்குத்தான்.

இரண்டு வழியிலும் ஒரு பொறி இருக்கிறது. ராக்கர் செட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் பெரிய நான்கும் சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, மற்ற ஹெட் நட்டுகளையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திய பிறகே கழற்ற வேண்டும். அந்த நான்கை மட்டும் கழற்றினால் ஹெட் வளையலாம், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கலாம். என் வண்டியில் முன்பு வேலை பார்த்த ஒரு மெக்கானிக் இதைச் செய்யாமல் விட்டதால் ஹெட் கேஸ்கெட் செலவு தனியாக வந்தது.

கேஜ் செருகியும் சத்தம் அடங்காத வண்டிக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. ஒவ்வொரு ராக்கரும் எவ்வளவு தூக்குகிறது என்று டயல் கேஜில் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் குறைந்தால், கீழே புஷ் ராடுகளைத் தூக்கிவிடும் கேம் தேய்ந்திருக்கிறது. கேம் மாற்றினால் அதன்மேல் உட்காரும் எட்டு டேப்பட்டும் புதிதாகவே வர வேண்டும்; பழைய டேப்பட் புது கேமைச் சீக்கிரமே தின்றுவிடும்.

லேத்துக்குக் கொடுப்பதென்றால் சம்பா அறுவடை தொடங்குவதற்கு முன் கொடுத்துவிடுங்கள். தை மாதம் டிராக்டரும் அறுவடை மிஷினும் வாசலில் வந்து நின்றுவிட்டால் கார் சாமான் பெஞ்சின் ஓரத்துக்குப் போய்விடும். என்னுடையது 18 நாள் கிடந்தது.