கிளட்ச் மாற்றக் கொடுத்தால் பழைய பிளேட்டைக் கையில் வாங்காமல் வராதீர்கள்

எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு ஆபீஸ் போய், சாயங்காலம் பணத்தைக் கொடுத்து எடுத்து வருகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். நானும் அப்படித்தான் பத்து வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன்.

என்னுடையது 2014 மாடல் பல்சர் 150. வைகாசி மாதம் நாமக்கல் பைபாஸில் ஒரு லாரியைத் தாண்டும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினேன். இன்ஜின் சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. ஆர்பிஎம் முள் மேலே போகிறது, ஸ்பீடு முள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தாமல் வழுக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. நாற்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, கிளட்ச் பிளேட்டில் பிடிமானத்துக்காக ஒட்டியிருக்கும் கார்க் தேய்ந்திருக்கும் என்று எனக்கே தெரிந்தது.

வழக்கமாகப் போகிற மெக்கானிக் ஊரில் இல்லை. அதனால் பழக்கமில்லாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "கிளட்ச் செட் முழுசும் போயிடுச்சுங்ணா, பிளேட், ஸ்பிரிங் எல்லாம் கம்பெனி சாமானே போட்டுடறேன்" என்றார். ஆயிலோடு சேர்த்து 2,850 ரூபாய். ஒரு துண்டுச் சீட்டில் 'கிளட்ச் வேலை' என்று எழுதித் தொகையைப் போட்டுக் கொடுத்தார். அதில் கடைப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

வண்டி ஓடியது, ஸ்லிப் நின்றுவிட்டது. ஆனால் கிளட்ச் லீவர் கல்லு மாதிரி இருந்தது. பஸ் ஸ்டாண்டு சிக்னலில் நாலு தடவை பிடித்து விட்டால் இடது மணிக்கட்டு வலிக்கும். மறுநாளே போய்க் கேட்டேன். "புது பிளேட்னா அப்படித்தாங்ணா இருக்கும், ஓட ஓட இளகிடும்" என்றார். அது பொய். நல்ல பிளேட்டும் சரியான ஸ்பிரிங்கும் போட்டால் லீவர் இப்படிக் கல்லாக மாறக் காரணமே இல்லை. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஆடி மாதம் வீட்டுக்காரம்மாவோடு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பினேன். மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் எழுபது கொண்டை ஊசி வளைவு. இருபதைத் தாண்டும்போதே ஒரு தீய்ந்த வாடை வந்தது. முப்பது பக்கம் வரும்போது முதல் கியரில்கூட இழுக்கவில்லை. வளைவில் திரும்பிய இடத்தில் வண்டி நின்று, பின்னால் நகர ஆரம்பித்துவிட்டது. இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, அவளை இறங்கச் சொல்லி, ஓரமாகத் தள்ளினேன். பின்னாடி வந்த பஸ் டிரைவர் சமயத்தில் பார்த்து நிறுத்தினார். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. பணம் போனதைவிட அதுதான் எனக்குப் பெரிய கோபம்.

ஒரு சரக்கு ஆட்டோவில் வண்டியை ஏற்றிக் கீழே கொண்டுவந்தோம். இனிமேல் யாரிடமும் கொடுப்பதில்லை, வீட்டிலேயே பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். லேத் பட்டறையில் வேலை செய்கிற என் மச்சான் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிட்டார். கிளட்ச்சின் நடு நட்டைக் கழற்ற ஒரு தனி சாக்கெட் வேண்டும். அதைக் கடையில் வாங்கி வந்திருந்தார்.

முதலில் ஆயிலை இறக்கினோம். பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டச் சொன்னார் மச்சான். துணியில் பழுப்பு நிறத்தில் பொடியும், நகக்கண் அளவுக்குச் சின்னச் சின்னச் சில்லுகளும் நின்றன. பிளேட்டில் ஒட்டியிருக்க வேண்டிய கார்க் அது. இந்தச் சில்லெல்லாம் ஆயில் வலையில் போய் அடைத்தால் இன்ஜினுக்கே ஆயில் போகாது. கிளட்ச்சோடு நிற்கிற விஷயம் இல்லை.

கிக்கரையும் கேபிளையும் கழற்றி, வலது பக்கக் கவரைத் திறந்தோம். கவர் போல்ட்டுகள் ஒரே நீளம் கிடையாது. ஒரு அட்டையில் கவர் படத்தை வரைந்து, எந்த போல்ட் எந்த இடமோ அங்கேயே குத்தி வைத்தோம். இதைச் செய்யாமல் மாற்றிப் போட்டு முறுக்கினால் இன்ஜின் கேஸில் போல்ட் ஏறுகிற மரை போய்விடும். அப்புறம் ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம்.

முதல் ஸ்பிரிங்கை எடுத்ததும் அதோடு ஒரு வாஷர் வந்தது. மச்சான் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அடுத்ததிலும் வாஷர், எல்லாவற்றிலும் வாஷர். கம்பெனியில் அந்த இடத்தில் வாஷர் கிடையாது. பழைய ஸ்பிரிங்குக்கு முட்டுக் கொடுத்து அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறார்கள். தேய்ந்த பிளேட்டும் கொஞ்ச நாளைக்கு வழுக்காமல் பிடிக்கும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டுப் போவார். லீவர் கல்லாக இருந்ததன் காரணம் அதுதான்.

பிளேட்டுகளை வரிசையாகப் பேப்பரில் அடுக்கினோம். இரண்டு மட்டும் புதுசு, அதுவும் எந்த முத்திரையும் இல்லாத லோக்கல் சாமான். கார்க் சில்லு பெயர்ந்தது அந்த இரண்டில்தான். மற்றதெல்லாம் என் பழைய பிளேட். தடிமன் அளக்கிற வெர்னியர் கருவியை வைத்துப் பார்த்தால் பழையது 2.4 மில்லிமீட்டர். பின்னால் வாங்கின ஒரிஜினல் பிளேட் 2.9 இருந்தது. அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். எல்லா பிளேட்டிலும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஸ்பிரிங் தன் அழுத்தத்தை இழக்க அது தாராளம். நடுவில் வருகிற ஸ்டீல் பிளேட்டுகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. கண்ணாடி மேல் வைத்தால் ஒன்று ஆடியது, வளைந்துபோயிருந்தது. அதையும் மாற்றினோம்.

டீலர் ஸ்பேர் கவுண்டரில் பிளேட் செட், ஸ்பிரிங், கவருக்கு நடுவில் வைக்கிற பேக்கிங் வாங்கினேன். ஆயிலோடு சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. புது பிளேட்டை ராத்திரி முழுக்க இன்ஜின் ஆயிலில் ஊறப் போடுங்கள், காய்ந்த பிளேட்டை மாட்டினால் சீக்கிரமே கருகிவிடலாம். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று போட்டிருக்கும் பைக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கார் ஆயிலில் வழுக்குவதற்கென்றே சில மருந்து சேர்த்திருப்பார்கள். ஆயிலில் மூழ்கியிருக்கிற பைக் கிளட்ச்சுக்கு அது ஆகாது. கேபிளை மாட்டும்போது லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லாமல் இழுத்துக் கட்டினால் நல்ல கிளட்ச்கூட ஸ்லிப் ஆகும். உங்கள் வண்டி இப்போது ஸ்லிப் ஆனால், செலவு செய்வதற்கு முன்னால் இந்த லீவர் ஆட்டத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வாஷர்களையும் பிளேட்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். முதலில் "நான் போட்டதே இல்லைங்ணா" என்றார். பிளேட்டைக் காட்டியதும், "நீங்க பட்ஜெட்டுல முடிச்சுக் குடுக்கச் சொன்னீங்கல்ல" என்றார். நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் "பில் இருந்தாக் காட்டுங்க" என்று அவரே கேட்டார். என் கையில் இருந்தது அந்தத் துண்டுச் சீட்டுதான். ஐந்நூறு ரூபாயை நீட்டினார். நான் வாங்கவில்லை.

பிறகு 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். அப்போதுதான் தெரிந்துகொண்டேன்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளுக்கோ வேலைக்கோ முறையான பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் கடைப் பெயரே இல்லாத ஒரு சீட்டை வைத்துக்கொண்டு நான் எதை நிரூபிப்பது? பணம் யுபிஐயில் அனுப்பியிருந்தாலாவது ஒரு தடயம் இருந்திருக்கும். அன்றைக்கு ரொக்கமாகத்தான் கொடுத்தேன்.

அதனால் வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள், "கழற்றின சாமான் எல்லாம் எனக்கு வேணும், புது சாமான் வந்த பாக்கெட்டும் வேணும்" என்று. இதற்குச் சம்மதிக்காத கடையிலிருந்து அப்போதே வண்டியை எடுத்துவிடுங்கள். என்னென்ன சாமான் என்று தனித்தனியாக எழுதி, கடை முத்திரையோடு பில் வாங்குங்கள். வேலை முடிந்து வரும்போது லீவர் கல்லு மாதிரி இருந்தால் 'இளகிடும்' என்பதை நம்பி வீட்டுக்கு வராதீர்கள், அங்கேயே கவரைத் திறக்கச் சொல்லுங்கள்.

போன வாரம் திரும்பக் கொல்லிமலை ஏறினோம். எழுபது வளைவும் சிரமமில்லாமல் ஏறியது, மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் நிறுத்தி டீ குடித்தோம். லீவரை இரண்டு விரலால் பிடிக்க முடிகிறது. அந்தத் தனி சாக்கெட் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நாமக்கல், சேந்தமங்கலம் பக்கம் யாராவது வீட்டிலேயே கிளட்ச் பிரிக்க நினைத்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.