அலாஸ்காவா, நார்வேயா? வடகடலுக்கு முதல்முறை கப்பலேறும் மதுரைக்காரர்களுக்கு

பனிமலைகளைக் கப்பலில் இருந்தபடியே பார்க்கும் பயணம் என்றால் நம் ஊர்க்காரர்கள் முன்னால் இரண்டு பெயர்கள்தான் வந்து நிற்கின்றன: அலாஸ்கா, நார்வே. நான் இரண்டிலும் போய்வந்தேன். முதலில் எழுபது வயது அம்மாவை அழைத்துக்கொண்டு அலாஸ்கா. மறு ஆண்டு மனைவியோடு நார்வே. இரண்டுக்கும் விளம்பரப் படங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. பயணங்களோ வேறு வேறு ஜாதி.

அலாஸ்காவுக்குப் போகும் கப்பல் பெரும்பாலும் மிதக்கும் கல்யாண மண்டபம். ஆயிரக்கணக்கில் ஆட்கள், மாலையில் கச்சேரி, எந்நேரமும் பந்தி. நார்வேக் கரையோரக் கப்பல் அப்படியல்ல. 1893இல் தபாலும் சரக்கும் ஏற்றிச் செல்லத் தொடங்கிய தடம் அது. பெர்கனில் கிளம்பி, ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கிர்கெனெஸ் வரை போய்த் திரும்ப 12 நாட்கள்; வழியில் 34 துறைமுகங்கள். போடி பஸ் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று நின்று நின்று போவதுபோல இதுவும் போகிறது. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து டெக்குக்குப் போனேன். விளக்கு எரியும் சின்னத் துறைமுகம். கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறந்து சரக்குப் பெட்டிகள் இறங்கின. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் இறங்கி, காத்திருந்த காரை நோக்கி நடந்தாள். கால் மணி நேரத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அந்தக் காட்சிக்காகவே நார்வேயை எனக்குப் பிடிக்கும். ஆனால் பொழுதுபோக்கு வேண்டும் என்பவர்கள் அங்கே மூன்றாம் நாளே சலித்துப்போவார்கள்.

பனியாறு கடலில் வந்து விழுவதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், அலாஸ்காதான். ஆனால் பதிவு செய்யும் முன்பு, பயணத் திட்டத்தில் ‘கிளேசியர் பே’ என்ற விரிகுடா இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி; எல்லாக் கப்பல்களும் அங்கே போவதில்லை. அங்கே பூங்காவின் வனக்காவலர்களே கப்பலில் ஏறி விளக்கம் சொல்கிறார்கள். மார்ஜெரி பனியாற்றின் முகம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் அகலம், நீல நிறம். எதிரில் கப்பலை நிறுத்தி, இரண்டு பக்கத்தில் இருப்பவர்களும் பார்க்கும்படி மெல்லத் திருப்புகிறார்கள். முதலில் ஒரு துண்டு சரிவது கண்ணுக்குத் தெரிகிறது. ஓசை அதன்பிறகு வருகிறது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இடியா?” என்று கேட்டார். அந்த மண்ணின் டிலிங்கிட் மக்களும் அதை வெண்ணிற இடி என்றுதான் சொல்கிறார்கள். 1794இல் அந்த விரிகுடாவே பனிக்கட்டியால் மூடிக்கிடந்தது. அதன்பிறகு பனி நூறு கிலோமீட்டர் அளவுக்குப் பின்வாங்கியிருக்கிறது.

நார்வேயில் கிடைப்பது வெளிச்சம். அந்நாட்டின் வடகோடியில் இருக்கும் நார்ட்கேப் முனையில் மே நடுப்பகுதி முதல் ஜூலை இறுதிவரை சூரியன் மறைவதே இல்லை. செப்டம்பர் முதல் மார்ச் வரை போனால், வானம் தெளிந்த இரவுகளில் பச்சை நிறத் துருவ ஒளி வானில் ஆடுவதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. அலாஸ்காக் கப்பல்கள் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரைதான் ஓடுகின்றன. அந்த ஒளியை நம்பி அங்கே போகாதீர்கள்.

விசாவில் நார்வே எளிது. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றே போதும்; முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அலாஸ்காவில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குவதால் அமெரிக்க விசா மட்டும் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். வெளிநாட்டுக் கப்பல் இப்படிச் சுற்றிவர வேண்டுமானால் வழியில் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும் என்பது 1886ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு. அதனால் கனடாவின் விக்டோரியாவில் கப்பல் நிற்கும். நம் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசாவும் வேண்டும். திரும்பி நுழைய அமெரிக்க விசா பலமுறை நுழைவுக்கானதாகவும் இருக்க வேண்டும்.

வயிற்றைப் புரட்டுமா என்பது அடுத்த கேள்வி. கனடாவின் வான்கூவரில் ஏறினால் பெரும்பாலும் தீவுகளுக்கு இடைப்பட்ட அமைதியான நீர். சியாட்டில் கப்பல்கள் திறந்த பசிபிக்கில் சில மணி நேரமாவது ஆடும். நார்வேயில் ஹுஸ்தாத்விகா, வெஸ்ட்ஃபியோர்டன் போன்ற திறந்தவெளிகளில் ஆட்டம் அதிகம். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேளுங்கள். பால்கனிக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள். எல்லாரும் நிற்கப்போவது மேல்தளத்தில்தான்.

மழைக்கோட்டு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. மதுரையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் மழை. அலாஸ்காவின் கெட்சிகனில் 3,500 மில்லிமீட்டருக்கு மேல். நனைந்த பருத்தி காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அம்மா புடவையை விடவில்லை. உள்ளே கம்பளி உள்ளாடை, மேலே முழங்கால்வரை மழைக்கோட்டு, காலில் ரப்பர் அடி ஷூ. கொசுவத்தை நான்கு விரல் தூக்கிக் கட்டிக்கொண்டு ஈரமான டெக்கில் நிமிர்ந்து நடந்தார்.

சாப்பாட்டில் பெரிய கப்பல்கள் நமக்குத் தோது. பதிவின்போதே சைவம் என்று சொல்லிவைத்தால் பருப்பும் சோறும் கிடைத்துவிடுகின்றன. நார்வேக் கப்பலில் மீன்தான் ராஜா. சைவர்களுக்கு ரொட்டி, உருளைக்கிழங்கு, பழுப்புச் சீஸ் என்று நாட்கள் ஓடும். சீலிட்ட இட்லிப்பொடி பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வேண்டாம். நம் நாட்டுப் பால் பொருளை நார்வேக்குள் விடமாட்டார்கள். அமெரிக்காவுக்குக் கறிவேப்பிலையும் ஆகாது. மின்சாரக் கெட்டிலை உல்லாசக் கப்பல்களில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

எதற்குப் போனாலும் ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். பெர்கனுக்குப் போகும் வழியில் விமான மாற்றத்தில் எங்கள் பெட்டி தவறி, மூன்றாம் நாள் ஒரு துறைமுகத்தில்தான் கைக்கு வந்தது. கைப்பையில் ஒரு ஸ்வெட்டரும் மாத்திரைகளும் இருந்ததால் தப்பித்தோம். பெட்டிக்காகக் கப்பல் காத்திருக்காது.

பெற்றோரோ சிறு குழந்தைகளோ உடன் வருகிறார்கள் என்றால் வான்கூவரில் ஏறும் அலாஸ்காப் பயணம். தம்பதியாகவோ தனியாகவோ என்றால் நார்வே, அதுவும் போகவரப் பயணமாகவே எடுங்கள். போகும்போது இரவில் கடந்த ஊர்களை வரும்போது பகலில் பார்ப்பீர்கள். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஜூன் பயணம் என்றால் பொங்கல் முடிந்த வாரமே காகிதங்களைத் தயார் செய்துகொண்டு சென்னைக்கு ரயில் ஏறிவிடுங்கள்.