டர்பனில் நாள் வேலைக்கு ஆள் எடுப்பது: தெருமுனையா, தொழிலாளர் மையமா, கான்ட்ராக்டரா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டுக்குப் பின்னால் மழையில் சரிந்த மண்ணை அள்ள வேண்டும். அல்லது கோயில் வளாகத்தில் புல் வெட்டி, மதிலுக்கு வண்ணம் அடிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் வேலை; நான்கைந்து ஆள் போதும். இதற்கு மூன்று வழிகள் உண்டு: ஹார்ட்வேர் கடை வாசலில் காலையில் நிற்பவர்களைப் பக்கியில் (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) ஏற்றி வருவது, தொழிலாளர் மையத்தில் முந்தின நாளே சொல்லிவைத்து ஆள் எடுப்பது, சிறு கான்ட்ராக்டரிடம் வேலையை மொத்தமாக ஒப்படைப்பது. பெரும்பாலோர் நாள் சம்பளத்தை மட்டும் வைத்து ஒப்பிடுகிறார்கள். ஆனால் சம்பளத்தில்தான் வித்தியாசம் மிகக் குறைவு. ஒருவர் காலில் கல் விழுந்தால், மறுநாள் ஆள் வராமல் போனால், மாலையில் எத்தனை மணி நேரம் வேலை நடந்தது என்று தகராறு வந்தால், யார் முன்னால் வந்து பதில் சொல்வார் என்பதே மூன்றுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு.

சம்பளம் எதற்குக் கீழே போகக்கூடாது

தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 2019 ஜனவரி 1 அன்று மணிக்கு 20 ராண்டில் தொடங்கியது. 2025 மார்ச் 1 அன்று அது 28.79 ராண்ட் ஆனது. வழக்கமாக மார்ச் தொடக்கத்தில் உயரும் என்பதால் அந்த ஆண்டுத் தொகையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். 28.79 என்ற கணக்கில் எட்டு மணி நேரத்துக்கு 230.32 ராண்ட், ஒன்பது மணி நேரத்துக்கு 259.11 ராண்ட். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தாலும் நான்கு மணிச் சம்பளம், அதாவது 115.16 ராண்ட் தர வேண்டும்.

சாப்பாடு, டாக்சிக் காசு, பழைய துணி எதுவும் இந்தத் தொகைக்குள் அடங்காது. "இருநூறு ராண்டும் மதியச் சாப்பாடும்" என்று எட்டு மணி வேலைக்குப் பேசுவது சட்டத்துக்குக் குறைவான பேச்சு. பிடிபட்டால், குறைத்துக் கொடுத்ததன் இரு மடங்கு, அல்லது மாதச் சம்பளத்தின் இரு மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது அபராதம். இது அடிமட்டம்தான் என்பதையும் மறக்க வேண்டாம். கை தேர்ந்த கொத்தனாரோ டைல் போடுபவரோ இந்தத் தொகைக்கு வர மாட்டார், வரவும் தேவையில்லை.

பலர் கவனிக்காமல் விடும் எல்லை ஒன்று இருக்கிறது. ஒரே முதலாளியிடம் மாதத்தில் 24 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு யூஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பதிவு இல்லை. எட்டு மணி வீதம் மூன்று முழு நாள் கூப்பிட்டால் 24 மணி ஆகிவிடும். அப்போது யூஐஎஃப் நுழைகிறது: அவர் சம்பளத்தில் ஒரு சதவீதம், உங்கள் பங்கு ஒரு சதவீதம். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, வழக்கமில்லாத ஞாயிறு வேலைக்கு இரு மடங்கு என்ற விதிகளும் கூடவே வரும். பெரிய வெள்ளி பொது விடுமுறை. ஈஸ்டர் வாரத்தில் திருவிழா நடத்தும் மாரியம்மன் கோயில்கள் அன்றைக்கு ஆள் வைத்தால் இரட்டைச் சம்பளத்தைக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

தெருமுனை

இதன் பலம் வேகம். ஆறரை மணிக்குப் போனால் ஏழரைக்கு வேலை தொடங்கிவிடும். வெள்ளம் வந்த மறுநாள் போன்ற அவசரத்தில் இதற்கு இணையான வழி இல்லை. பலவீனம், எல்லாப் பொறுப்பும் உங்கள் தலையில் விழுவது.

பக்கியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போகக் கூடாது. எத்தனை பேர் என்று சொல்லும் முன்பே பத்துப் பேர் ஏறிவிடுவார்கள். இறக்கும்போது மனக்கசப்புத்தான் மிஞ்சும். வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி நின்று, வேலை என்ன, எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எவ்வளவு சம்பளம், திரும்பக் கொண்டு விடுவீர்களா என்ற ஐந்தையும் சொல்லிவிட்டு ஆளைத் தேர்ந்தெடுங்கள். பின்பகுதியில் ஆட்களை ஏற்றுவதற்கும் விதி உண்டு. உட்காரும் தளத்துக்கு மேல் குறைந்தது 350 மில்லிமீட்டர் உயரத்துக்கு அடைப்பு இருக்க வேண்டும். நின்று வருவதானால் 900 மில்லிமீட்டர். தடுப்பு இல்லாமல் மண்வெட்டி, கடப்பாரையோடு சேர்த்து ஆளை ஏற்றக் கூடாது. திடீர் பிரேக்கில் கடப்பாரை எங்கே பாயும் என்று யோசித்தால் காரணம் விளங்கும்.

தொழில் தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்றுதான் பதில் வரும். வேலை வேண்டி நிற்பவரிடம் வேறென்ன பதிலை எதிர்பார்க்க முடியும்? அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். செங்கல் கட்டக் கலவைக்கு 50 கிலோ சிமெண்ட் பை ஒன்றுக்கு எத்தனை தள்ளுவண்டி மணல்? 65 லிட்டர் தள்ளுவண்டியில் மூன்று என்பவர் கலவை போட்டவர். ஐந்து, ஆறு என்பவர் மண் சுமந்தவராக இருக்கலாம். சுவர் கட்டியவர் அல்லர். சொந்தக் கரண்டியும் ரசமட்டமும் வைத்திருப்பவரை நம்பலாம்.

தெருமுனை ஏற்பாடு கெடுவது பெரும்பாலும் வேலையின் அளவைத் தப்பாகக் கணிப்பதால்தான். வழக்கமாக வாடகைக்கு வரும் கழிவுத் தொட்டி 6 கனமீட்டர். அதை நிரப்ப 65 லிட்டர் தள்ளுவண்டியில் ஏறக்குறைய 92 நடை. தோண்டிய மண் கால்பங்குக்கு மேல் உப்பிப் பெருகும்; ஆகவே தரையில் 6 கனமீட்டர் இருக்கும் சரிவு ஒரு தொட்டிக்குள் அடங்காது. இளகிய மண்ணில் ஒருவர் ஒரு நாளில் 2 முதல் 3 கனமீட்டர் தோண்டுவார். கல் கலந்த இறுகிய மண்ணில் பாதிதான். சாட்ஸ்வொர்த் சரிவு வீடுகளில் படிக்கட்டு வழியே தள்ளுவண்டி ஏறாது. 20 லிட்டர் வாளியில் என்றால் அதே தொட்டிக்கு 300 வாளி. "அரை நாள் வேலை" என்று கூட்டி வந்து இதைக் காட்டினால் பதினோரு மணிக்கே வாக்குவாதம் தொடங்கும். மேலே ஒருவர், நடுவே இருவர், கீழே ஒருவர் என நான்கு பேரைக் கைமாற்றி நிற்க வைப்பதே சரி.

பெயர், அவசரத் தொலைபேசி எண், அடையாள அட்டை அல்லது அகதி அனுமதிப் படம், தொடங்கிய நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். தெருமுனையில் மலாவி, ஜிம்பாப்வே, மொசாம்பிக்காரர்களும் நிற்பார்கள். அனுமதி இல்லாதவர் என்று தெரிந்தே வேலைக்கு வைப்பது 2002ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டப்படி குற்றம். ஆனால் வேலை வாங்கிய பிறகு அதைச் சொல்லிச் சம்பளத்தை மறுக்க முடியாது. அப்படிப்பட்ட தொழிலாளிக்கும் பாதுகாப்பு உண்டு என்று தொழிலாளர் நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்திருக்கிறது.

தொழிலாளர் மையம்

சாலையோரம் நிற்பவர்களைப் பதிவு செய்து, அடையாளமும் திறமையும் சரிபார்த்து, முறைப்படி வேலைக்கு அனுப்பும் இடம் இது. நம் நாட்டில் கேப் டவுனில் தொடங்கிய 'மென் ஆன் த சைட் ஆஃப் த ரோட்' என்ற தொண்டு நிறுவனம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அமெரிக்க நகரங்களில் உள்ள பல மையங்களில் தொழிலாளர்களே கூட்டம் போட்டுக் குறைந்தபட்சக் கூலியை முடிவு செய்கிறார்கள். யார் முதலில் போவது என்பதைக் குலுக்கலிலோ வரிசைப் பட்டியலிலோ தீர்மானிக்கிறார்கள். அரசுத் தரப்பில் பைன்டவுன், வெருலம், ப்ராஸ்பெக்டன் ஆகிய இடங்களிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகங்களில் வேலை தேடுவோர் பட்டியல் உண்டு. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் கட்டணம் இல்லை. ஆனால் அது சில நாள் முன்கூட்டிச் சொல்லி ஆள் எடுக்கும் வழி. விடிந்தால் வேலை என்பவருக்கு ஒத்துவராது.

மையத்தை அழைக்கும் முன் கையில் இருக்க வேண்டிய விவரம்: வேலை என்ன, எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், கருவி யாருடையது, கையுறையும் காலணியும் யார் தருவது, பக்கத்து டாக்சி நிறுத்தம் எது. முந்தின நாள் நண்பகலுக்குள் சொன்னால் ஆள் உறுதி. மாலையில் அழைத்தால், மறுநாள் காலை வருபவர்களில் யார் கிடைக்கிறாரோ அவர்தான். "தோட்ட வேலை" என்று பொதுவாகச் சொன்னால் புல் வெட்டுபவர் வருவார். நீங்கள் எதிர்பார்த்ததோ மரம் அறுப்பவர். சங்கிலி ரம்பம் இயக்குபவர் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு கேள்விகளைக் கேட்காமல் உடன்படாதீர்கள். முதலாவது, தொழிலாளியிடம் பதிவுக் கட்டணம் வாங்குகிறீர்களா? வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதை 2014ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டம் தடுக்கிறது. வாங்குகிற இடம் மையம் அல்ல, தரகுக் கடை, விலகிவிடுங்கள். இரண்டாவது, சம்பளத்தை நான் நேரடியாகக் கொடுப்பதா, நீங்கள் வாங்கிக் கொடுப்பதா? நேரடியாகக் கொடுத்தால் நீங்களே முதலாளி. மையம் அறிமுகம் மட்டும் செய்கிறது. அவர்களே சம்பளம் கொடுத்து ஆள் அனுப்பினால் அது தற்காலிக வேலைவாய்ப்புச் சேவை. அப்போதும் சம்பளம் குறைந்தால் நீங்களும் சேர்ந்தே பொறுப்பு. "ஏஜென்சி பார்த்துக்கொள்ளும்" என்பது சட்டத்தில் நிற்காது.

மையம் வழியாக எடுப்பதில் குறைகள் உண்டு. முறை வரிசைப்படி அனுப்புவதால் போன தடவை நன்றாகச் செய்தவரே வருவார் என்பதில்லை; பெயர் சொல்லிக் கேட்டால் பல மையங்கள் ஒத்துக்கொள்ளும். ஞாயிறு கிடைப்பது அரிது. எல்லாப் பகுதியிலும் மையம் இல்லை. ஆனாலும் ஒரு நாளுக்கு மேல் நீளும் எந்த வேலைக்கும் நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். மாலையில் கணக்கு இடித்தால் இரு பக்கமும் நம்பும் மூன்றாமவர் ஒருவர் அங்கே இருக்கிறார். வேலைச் சீட்டில் நேரமும் தொகையும் காலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒருவர் வராவிட்டால் எட்டு மணிக்குள் மாற்றாள் அனுப்ப ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய நன்மை: செய்த வேலை அவர் பேரில் பதிவாகிறது. தெருமுனையில் பத்தாண்டு நின்றவரிடம் காட்ட ஒரு சான்றுகூட இருக்காது.

கான்ட்ராக்டர்

உயரம், மின்சாரம், தாங்குசுவர் மூன்றுக்கும் இவரே. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண்சரிவும் சுவர் இடிந்ததும் பல வீடுகளைக் கொண்டுபோயின. பின்பக்கத் தண்ணீர் வெளியேற வடிகுழாயும் சரளையும் இல்லாத தாங்குசுவரை நாள் ஆட்களை வைத்து எழுப்புவது உயிரோடு விளையாடுவது. இவரிடம் கேட்க வேண்டியது பணியிட விபத்து இழப்பீட்டு நிதியின் நடப்பு நற்சான்றுக் கடிதம். "அப்புறம் தருகிறேன்" என்றால் ஆரம்பிக்க விடாதீர்கள். பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். அவர் தன் ஆட்களுக்கு என்ன தருகிறார் என்றும் கேளுங்கள். மிக மலிவாக வரும் கொட்டேஷன் பெரும்பாலும் அவர்கள் வயிற்றில் அடித்தே மலிவாகிறது. டிசம்பர் நடுவில் கட்டுமானத் தொழில் மூடினால் ஜனவரி இரண்டாம் வாரம்தான் திறக்கும். காவடிக்கு முன் முடிய வேண்டிய வேலையை நவம்பரிலேயே பேசி வையுங்கள்.

அடிபட்டால்

நாள் ஆளும் இழப்பீட்டுச் சட்டத்தின்படி தொழிலாளிதான். வீட்டு வேலையாட்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் அந்த உரிமை 2020 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்பால் கிடைத்தது. ஆகவே வீட்டுக்காரரும் கோயில் கமிட்டியும் நிதியில் முதலாளியாகப் பதிந்து, ஆண்டுதோறும் சம்பளக் கணக்கு அனுப்ப வேண்டும். விபத்து நடந்தால் முதலில் மருத்துவமனை, பிறகு ஏழு நாளுக்குள் நிதிக்கு அறிவிப்பு. வேலைக்குத் திரும்ப முடியாத காலத்தில் முதல் மூன்று மாதம் சம்பளத்தின் 75 சதவீதத்தை முதலாளி கொடுத்து, நிதியிலிருந்து திரும்பப் பெறுவது முறை. அடிபட்டவர் கையில் இருநூறு ராண்டைத் திணித்து டாக்சியில் ஏற்றி அனுப்புவது குற்றம் மட்டுமல்ல, பாவமும்கூட.

சம்பளம் கொடுப்பதும் சபைப் பதிவேடும்

எந்த வழியானாலும் மூன்றரை மணிக்கு வேலையை நிறுத்தி, கைகால் கழுவ நேரம் கொடுத்து, நான்கு மணிக்குள் சம்பளத்தைக் கையில் கொடுங்கள். இருட்டிய பிறகு டாக்சி குறைவு. கையில் காசோடு நடப்பவருக்கு ஆபத்தும் அதிகம். சில்லறை நோட்டை முந்தின நாளே எடுத்து வையுங்கள். ஒருவர் கையில் எல்லார் சம்பளத்தையும் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்லக் கூடாது. 1860இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாய் வந்து இறங்கியவர்களின் வழிவந்த நாம், உழைத்தவரின் சம்பளத்தை நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

பக்கத்தில் மையம் இல்லாத இடங்களில் தமிழ்ச் சங்கமோ கோயில் கமிட்டியோ ஒரு பதிவேடு தொடங்கலாம். ஒரு நோட்டு, ஒரு தொலைபேசி, வாரநாளில் காலை ஆறரை முதல் எட்டு வரை உட்கார ஒருவர் போதும். பெயர், திறமை, கடைசியாகப் போன தேதி, யார் வீடு, எத்தனை மணி, எவ்வளவு கிடைத்தது என்று ஆறு பத்திகள். கடைசிப் பத்தியைத் தொழிலாளி சொல்லி நிரப்ப வேண்டும், வீட்டுக்காரர் சொல்லி அல்ல. குறைத்துக் கொடுத்த வீட்டுக்கு அடுத்த முறை ஆள் அனுப்புவதில்லை என்ற விதியை முதல் பக்கத்திலேயே சுலுவிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிவிடுங்கள். கமிட்டித் தலைவர் வீட்டுக்கும் அதே விதிதான்.